டிடிஎஸ் 780 காட்டுகிறது, இந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் முதலில் வெள்ளையாகக் கலங்கி வருகிறது, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. பிடித்து வைத்த வாளியின் அடியில் மஞ்சள் கறை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை ஆன்லைனில் வாங்கிப் பார்த்தால் 780 காட்டுகிறது. ஆர்ஓ மெஷின் விற்க வந்தவர் ஏதோ கருவியைத் தண்ணீருக்குள் விட்டுக் காட்ட, டம்ளர் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. "இதையா சார் குழந்தைக்குக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டாராம். வீட்டில் 8 மாதக் குழந்தை. தண்ணீரைக் குடிக்கலாமா, 18,000 ரூபாய் கொடுத்து மெஷின் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலூரில் இருக்கிறேன். தம்பி, அந்த 780 என்ற எண் எனக்குப் பயம் தரவில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட விஷயங்கள்தான் பயம் தருகின்றன. தண்ணீர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வருகிறது? தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு சாக்கடையைத் தாண்டி வருகிறதா? சம்ப்பை வீட்டுக்காரர் கடைசியாக எப்போது கழுவினார்? செப்டிக் டேங்க் சம்ப்புக்கு எவ்வளவு பக்கம்? மீட்டர் இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது.

முதலில் மீட்டரையே எடுத்துக்கொள்வோம். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, கரைந்திருக்கும் உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று சொல்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறாது. சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. கிருமியும் பூச்சிமருந்தும் அப்படித்தான். ஈயம் போன்ற உலோகம் உடம்பைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தாலும் எண்ணில் அசைவு தெரியாது. அதேபோல, குடத்தில் ஒரு கரண்டி சாக்கடைத் தண்ணீர் விழுந்தாலும் 780 என்பது 780 ஆகவோ 782 ஆகவோதான் நிற்கும். குடித்தவர் மட்டும் ஆஸ்பத்திரியில் இருப்பார்.

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, கரைந்த உப்புக்கு இரண்டு வரம்பு வைத்திருக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. வேறு நீராதாரம் இல்லாத ஊரில் 2,000 வரை ஏற்றுக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் இதற்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையுமே வைக்கவில்லை. 600-க்குக் கீழே ருசி நன்றாக இருக்கும், 1,000-ஐத் தாண்டினால் வாய்க்குப் பிடிக்காமல் போகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே உங்கள் 780 ருசி சம்பந்தப்பட்ட எண். திண்டிவனம் தாண்டி வந்த விருந்தாளி "தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்குதே" என்று முகம் சுளிக்கலாம். விஷம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

விற்பனைக்காரர் காட்டிய வித்தையையும் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குத் தனிக் கோபம் உண்டு. அந்தக் கருவியில் இரண்டு கம்பிகள், பெரும்பாலும் ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். கரண்ட் கொடுத்ததும் இரும்புக் கம்பி அரித்துத் துருவாகத் தண்ணீரில் இறங்குகிறது. நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் அந்தக் கம்பியிலிருந்து வந்தது, உங்கள் குழாயிலிருந்து வந்ததில்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் ஓடாது, கம்பி அரிக்காது, அதனால் தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை வந்தால் அவருடைய ஆர்ஓ தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டு அதே கருவியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். எங்கள் கூடத்துக்கு இப்படிப் பழுப்பான தண்ணீரை பாட்டிலில் எடுத்துக்கொண்டு கலங்கிப்போய் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

சரி, வெள்ளையாக வருவது என்ன? ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் பாய்ந்து வரும்போது காற்றையும் அடித்துக்கொண்டு வரும். மேலிருந்து தெளிந்து அடியில் வண்டல் உட்கார்ந்தால் அது மண்ணோ சுண்ணாம்போ. காற்று என்றால் கெடுதல் இல்லை. ஆனால் "குழாய் காலியாகக் கிடந்தது" என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்குத்தான் வரப்போகிறேன்.

மஞ்சள் கறை இரும்பு. பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாகி அடியில் தங்கும். இதற்கு மீட்டர் வேண்டாம், தேநீர் போதும். அந்தத் தண்ணீரில் பால் சேர்க்காமல் தேநீர் போட்டு வழக்கத்தைவிடக் கறுத்தால் இரும்பு கூடுதல் என்று அர்த்தம். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைபோல ஆகும், பழைய காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள். நம் பக்கத்தில் இது புதிதில்லை. கோரிமேட்டிலும் லாஸ்பேட்டை மேட்டிலும் நீங்கள் பார்க்கும் செம்மண்ணும், எங்கள் கேப்பர் மலையும் ஒரே வகைப் பாறை. புவியியல்காரர்கள் அதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பே இரும்பால் வந்ததுதான். இந்த அளவு இரும்பு உடம்பைக் கெடுக்காது. வேட்டியைக் கெடுக்கும், குழாயைக் கெடுக்கும், மனைவி போடும் காபியைக் கெடுக்கும். உயரத்திலிருந்து ஒரு பாத்திரத்தில் கொட்டி, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுத்தால் பெரும்பகுதி போய்விடும்.

அந்த மணற்கல்லைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. புதுச்சேரி நகரம் ஒரு காலத்தில் உப்புக் கிணறுகளோடு மல்லுக்கட்டிய ஊர். மேற்கே முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தது 1860-களில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில். அதன் நினைவாகக் கட்டியதுதான் பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய தாசி ஆயியின் கதை அதோடு சேர்ந்தது. மண்டபத்தின் முன்னால் நின்று போட்டோ எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரு குடிநீர்த் திட்டத்தின் நினைவுச் சின்னம் என்று தெரியாது. இன்றைக்கும் புதுச்சேரி நிலத்தடி நீரை நம்பித்தான் இருக்கிறது.

அங்கேதான் உப்புப் பிரச்சினை. கடலோரத்தில் பூமிக்குள் நன்னீர் கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் படியுங்கள்: போர் போட்டு உறிஞ்சி மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், அடியில் உப்புநீர் 40 மீட்டர் வரை ஏறி வர வழி திறக்கிறது. வருஷா வருஷம் உங்கள் தெருவில் தண்ணீர் உவர்ப்பு கூடிக்கொண்டே போகிறதா என்பதற்கு டிடிஎஸ் மீட்டர் உண்மையிலேயே உதவும். மாதம் ஒரு முறை அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு நாள் எண்ணில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டு வருஷ எண்கள் நிறையப் பேசும். எந்த போர்வெல்லிலிருந்து உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது என்பதை வால்வு திறக்க வருபவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு பல சமயம் ஆபீசுக்கே தெரியாது.

இப்போது காலிக் குழாய்க்கு வருகிறேன்.

தண்ணீர் 24 மணி நேரமும் அழுத்தத்தோடு ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீய்ச்சும், வெளியில் இருப்பது உள்ளே வராது. நம் ஊர்களில் காலையில் சில மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம். வால்வை மூடியதும் குழாய் வடிய ஆரம்பிக்கும். தாழ்ந்த இடத்துக்குத் தண்ணீர் இறங்க இறங்க, மேட்டுப் பகுதிக் குழாயில் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியாக வெளியில் இருப்பதை உறிஞ்சும். வெளியில் இருப்பது என்ன? நம் தெருக்களில் பெரும்பாலும் சாக்கடை. வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே, சில இடங்களில் அதில் மூழ்கியே, குறுக்கே போவதை நீங்களே பார்க்கலாம். அதில் ஒரு பழைய ஜாயிண்ட் கசிந்தால் போதும். ராத்திரி முழுக்க உறிஞ்சியதைக் காலையில் முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் சம்ப்பில் கொட்டும்.

இதைவிட மோசம், இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது. எல்லா ஊரிலும் தடை செய்யப்பட்டது, எல்லாத் தெருவிலும் ஓடுகிறது. பக்கத்து வீட்டு மோட்டார் இழுக்கும்போது தண்ணீர் வரும் நேரத்திலேயே குழாயில் வெற்றிடம் உண்டாகும். அவருக்கு இரண்டு குடம் கூடுதல், தெருவுக்கே வயிற்றுப்போக்கு.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசர நிலை அறிவிக்க வேண்டி வந்தது நினைவிருக்கும். உங்கள் யூனியன் பிரதேசத்தில்தான். அந்தச் சமயத்தில் யாராவது டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்திருந்தால் அது வழக்கமான எண்ணைத்தான் காட்டியிருக்கும்.

அதனால் உங்கள் முதல் வேலை: தண்ணீர் விட்டதும் முதல் 10 நிமிடத் தண்ணீரைச் சம்ப்பில் விடாதீர்கள். வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள், வாசல் கழுவுங்கள். நாற்றமோ கலங்கலோ இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் சோம்பேறித்தனத்தால் யாரும் செய்வதில்லை. நானும் பல வருஷம் செய்ததில்லை.

இரண்டாவது, குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரநிலை. மிச்சம் இருந்தால் வழியில் கொஞ்சம் அழுக்கு கலந்திருந்தாலும் அது அடித்துவிட்டது, இன்னும் கையில் பலம் இருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் போட மறந்திருக்கலாம், அல்லது வழியில் வந்த அழுக்கு முழுவதையும் தின்றிருக்கலாம். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளிலும் கெமிக்கல் கடைகளிலும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி கிடைக்கும். சம்ப்பில் எடுக்காமல் நேராகத் தெருக் குழாய்த் தண்ணீரில் சோதியுங்கள். சொட்டு விட்டதும் மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கை கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை வருகிறது என்று புகார் சொல்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, வாசனை வந்தால் சந்தோஷப்படுங்கள் என்பதுதான். அகலமான பாத்திரத்தில் அரை மணி வைத்தால் வாசனை குறைந்துவிடும்.

மூன்றாவது, கிருமிக்கு எச்2எஸ் குப்பி. சின்ன பாட்டில், உள்ளே மருந்து இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், மலக் கிருமி கலந்திருக்கும் தண்ணீர் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்துவிடும். ஒன்றைத் தெருக் குழாயிலும், ஒன்றைச் சம்ப் தண்ணீரிலும், ஒன்றை அடுப்படிக் குழாயிலும் எடுங்கள். எது கறுக்கிறது என்பதே தப்பு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். கறுத்த குப்பியில் பிளீச்சிங் பவுடர் போட்டு, அப்புறம் கொட்டுங்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் உங்கள் பக்கம் கரை கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கடலூரில் தெருவுக்கு வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு நாளில் வடிந்தது. பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று சம்ப்பைக் கழுவாமல் விட்டுவிட்டேன், 27 வருஷம் ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன். நாலாம் நாள் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. பழைய குப்பி ஒன்று வீட்டில் இருந்தது. சாயங்காலம் ஊற்றி வைத்தேன், காலை விடியும்போதே மைபோல இருந்தது. காரணம் தேடினால், சம்ப் மூடியின் விளிம்பு தெரு மட்டத்தைவிட 2 அங்குலம் தாழ்வு. ரோடு போட்ட ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது, மூடி இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. போதாக்குறைக்குச் சுவரில் முருங்கை வேர் விட்ட விரிசல். கொத்தனாரை வைத்து விளிம்பை ஒரு அடி உயர்த்தி, உள்ளே சிமெண்ட் பூசினேன்.

உங்கள் சம்ப்பையும் இறங்கிப் பாருங்கள். இறங்கும் முன் மூடியை நன்றாகத் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள். தேய்த்துக் கழுவியபின் நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டாமல் ஒரு பக்கெட்டில் குழைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பவுடர் பழசாகி, பாக்கெட் பிரிந்து கிடந்தால் அதில் வீரியம் இருக்காது. அந்தச் சொட்டு மருந்தை விட்டு மஞ்சள் வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை விஷயம். இதில் விவாதமே வேண்டாம், குழந்தைக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். வெதுவெதுப்பாகச் சுடவைத்து இறக்குவது கணக்கில் சேராது. ஆறவைத்ததை மூடி வையுங்கள், சொம்பைக் கையோடு முக்கி எடுக்காதீர்கள். கொதிக்க வைத்த பானையில் விரலைவிட்டு மறுபடி கிருமி சேர்க்கும் வீடுகள்தான் அதிகம். திருகு குழாய் வைத்த பாத்திரம் வாங்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கொதிக்க வைப்பதால் போகாத ஒன்று உண்டு, நைட்ரேட். செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழியிலிருந்தும், வயலில் போட்ட யூரியாவிலிருந்தும் நிலத்தடி நீரில் இறங்குவது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, இதற்குத் தளர்வு வரம்பு கிடையாது. கைக்குழந்தைகளுக்கு, அதிலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். கொதித்துத் தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட் அடர்த்தி கூடத்தான் செய்யும். வீட்டில் போர் தண்ணீரையும் கலந்து பயன்படுத்தினால் கட்டாயம் இதைச் சோதித்துவிடுங்கள். போருக்கும் உறிஞ்சுகுழிக்கும் 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள். முத்தியால்பேட்டை மனைகளில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது "எல்லாம் பாருங்க" என்று சொல்லாதீர்கள். கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளோரைடு, இரும்பு, ஈ.கோலை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். புதுச்சேரியில் பொதுப்பணித் துறையின் பொது சுகாதாரக் கோட்டத்தில் விசாரியுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் உண்டு, கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் பார்த்துத் தருவார்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் எடுத்துப்போனால் பாட்டிலின் கிருமியைத்தான் சோதிப்பார்கள். குழாய் வாயைத் துடைத்து, 2 நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே கொண்டு சேருங்கள்.

ஆர்ஓவை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. கடலோரக் குப்பங்களில் 2,000-ஐத் தாண்டிய உவர்த் தண்ணீர் வரும் வீட்டுக்கு அதுதான் வழி. நைட்ரேட் கூடுதலாக இருந்தாலும் அது உதவும். ஆனால் ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடையில் விடும் மெஷின் அது. தண்ணீரில் 500-க்கும் குறைவாக உப்பு இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வழி செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. கேன் தண்ணீர் வாங்குவதென்றால் ஐஎஸ் 14543 முத்திரை இருக்கிறதா, வெயிலில் அடுக்கி வைத்த கேனா என்று பாருங்கள். உள்பக்கம் பச்சை படிந்த கேனைக் கூச்சப்படாமல் திருப்பி அனுப்புங்கள்.

இந்த வாரம் முதல் 10 நிமிடத் தண்ணீரை விலக்குங்கள், சம்ப்பைக் கழுவுங்கள், மூன்று குப்பி வையுங்கள், குழந்தைக்குக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். ஆய்வக அறிக்கை வந்ததும் நைட்ரேட், குளோரைடு எண்களை மட்டும் எழுதுங்கள். இரண்டும் வரம்புக்குள் இருந்தால் உங்களுக்கு ஆர்ஓ தேவையில்லை, புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் சாதாரண யூவி வடிகட்டி போதும். நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருந்தால் நானே வாங்கச் சொல்வேன். அதுவரை அந்த 18,000 உங்கள் கையிலேயே இருக்கட்டும்.